பிரசாதம் என்று சொன்ன மாத்திரை

அந்த இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே காலை விடிவதில்லை. ஒருவருக்குக் கல்யாணத்தின் மறுநாள் விடிகிறது. இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நாள். கந்தசாமிக்குப் பெரும்பாலும் ஆடி மாதத்தில்தான் விடியும், வெளியே மார்கழிப் பனி கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து வாசல் வேப்பமரத்தை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றாலும்கூட. இந்த வெவ்வேறு காலைகளுக்குள் மாத்திரைத் தட்டுடன் நுழைந்து வெளியே வருவதுதான் செந்தமிழ்ச்செல்வியின் வேலை.

வெள்ளிமலைக்குப் போகிற சாலையில், பஸ் மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அந்த இல்லம் இருக்கிறது. நினைவு தவறிப்போன முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறது. ஊர் அதை மறதி வூடு என்கிறது. அங்கே நிறுத்தச் சொன்னால் ஜீப்காரர்கள், "மறதி வூடா? எறங்க மறந்துடாதீங்க" என்பார்கள். தினமும் சொல்வதால் அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

செல்வி நைனார்பாளையத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கரும்பு வெட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கள்ளக்குறிச்சியில் நர்சிங் உதவியாளர் படிப்பு படித்து, சில வருடம் பிரசவ வார்டில் வேலை செய்தாள். கல்யாணமாகி மலையடிவாரத்துக்கு வந்தபோது இந்த இல்லம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. அதனால் இங்கே சேர்ந்தாள். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. அவளைக் கருணை மிகுந்தவள் என்று யாராவது எழுதினால் அவளே சிரிப்பாள். உரத்த குரல், வேகமான நடை. குளிக்க மறுப்பவர்களிடம், "நாத்தம் தாங்கல, எழுந்து வா பெரியவரே" என்றுதான் சொல்வாள்.

மாத்திரை கொடுக்கும்போது மட்டும் அந்த வேகம் நின்றுவிடும். இல்லத்தை நடத்துகிற சிவசங்கர் அப்படிப் பழக்கியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, மூடியில் அவரவர் புகைப்படம். ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் திறக்க வேண்டும். படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கியதும் "ஆ காட்டுங்க" என்று கேட்க வேண்டும். நாக்குக்கு அடியில், கன்னத்தின் உட்புறம், இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்ததாகக் குறிக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. மறந்துபோனவர்கள் வாய் திறப்பதற்குள் மலைக்குப் போன பஸ் திரும்பி வந்துவிடும்.

கந்தசாமி மணலூர்பேட்டை பக்கத்துக்காரர். பெண்ணையாற்றங்கரையில் நெல்லும் கரும்பும் விளைவித்தவர். மனைவி இறந்த பிறகு மகள் தங்கமணி வீட்டில் இருந்தார். மகள் கடைக்குப் போன நேரத்தில், வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போவதாக நினைத்துக்கொண்டு இரண்டு முறை ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். இரண்டாவது முறை மணல் அள்ள வந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே கொண்டுவந்து விட்டாள்.

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ரத்தக்கொதிப்பும் உண்டு. இரண்டும் இருப்பது அவருக்குத் தெரியாது. மாத்திரையைக் கையில் வைத்தால், "எனக்கு இன்னா நோவு? நோவுக்காரனுக்குக் குடு" என்று சுண்டிவிடுவார். அவர் சொல்வதில் தவறும் இல்லை. தன்னை நோயாளி என்று அறியாத மனிதன் மருந்தை ஏன் விழுங்க வேண்டும்?

கார்த்திகை கடைசியில் ஒரு காலை அவர் வலது கையை நீட்டி, அதன் கீழே இடது கையை வைத்து நின்றுகொண்டிருந்தார். எதிரே யாரும் இல்லை. அந்தக் கையைப் பார்த்ததும் செல்விக்கு வாயில் வந்துவிட்டது.

"அய்யா, அம்மன் கோயில் பிரசாதம்."

கந்தசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாத்திரைகளை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். கையை வாய்க்குக் கொண்டுபோனார். சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டார். எல்லாம் சில நொடிகள். வாரக்கணக்கில் நடந்த சண்டை ஒரு சொல்லில் முடிந்துவிட்டது.

"எப்டி செல்வி தோணுச்சி உனக்கு?" என்றார் சிவசங்கர்.

"கை நீட்னாரு சார். சும்மா சொன்னேன்."

சனிக்கிழமைகளில் வந்து பார்க்கிற டாக்டர் எழில்மதி, "அவங்க உலகத்துக்குள்ள நாமதான் போவணும்" என்று முன்பே சொல்லியிருந்தார். நல்ல வாக்கியம்தான். ஆனால் இன்னோர் உலகத்துக்குள் போகிறவர் அங்கே என்ன சட்டம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை யாரும் யோசிக்கவில்லை. இன்னொன்றையும் யோசிக்கவில்லை. பிரசாதம் கொடுத்துவிட்டு "ஆ காட்டுங்க" என்று கேட்க முடியாது. கோயிலில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் பிரசாதம் மாத்திரையாகிவிடும். அதனால் கந்தசாமியிடம் மட்டும் செல்வி வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பொய் ஒன்றைச் சொன்னதும், அதைக் காப்பாற்ற அவள் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

காசியம்மாள் அந்தக் கூடத்தின் இன்னொரு மூலையில் இருந்தார். ஆயுள் முழுக்க நடவும் களையெடுப்புமாகக் கூலி வேலை செய்து மெலிந்த உடம்பு. அவருடைய காலம் ஏதோ ஒரு பஞ்ச வருடத்தில் நின்றிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்பே, "பசிக்குதே, இன்னும் சோறு போடலியா?" என்பார். யாரும் பொருட்படுத்துவதில்லை. அவர் மூலையில் இருந்த ஜன்னல் சரியாகச் சாத்தாமல் பனி உள்ளே வந்ததால், மார்கழியில் ஒரு நாள் அவரை இடம் மாற்றினார்கள். கந்தசாமிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அங்கே இளவெயில் விழும்.

மூன்று நாள் கழித்து, டிபன் முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போகும்போது செல்விக்கு ஏதோ குறைவதுபோல் இருந்தது. பாதி வழியில் நின்றாள். கூடம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஜன்னலில் வெள்ளையாகப் பனி. யாரோ தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் விளங்கியது. பசிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பி ஓடினாள். அந்தக் குளிரில் காசியம்மாளின் நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. தொட்டால் சில்லென்றிருந்தது.

"ஆயா! ஆயா, இங்க பாரு! சார், ஓடியாங்க!"

சிவசங்கர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். மிகக் குறைவாக, நாற்பதுக்குப் பக்கத்தில் காட்டியது. விழுங்குகிற நினைவில் அவர் இல்லை என்பதால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்கோஸைத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உட்புறம் தடவினாள் செல்வி. ஆம்புலன்ஸ் வந்தது. கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை காசியம்மாளின் கையை அவள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். சிறிது நேரத்தில் சர்க்கரை மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினார்கள்.

"சுகர் மாத்திர எப்பலேர்ந்து குடுக்குறீங்க?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"இவங்களுக்குச் சுகரே இல்லீங்க."

"அப்ப வேற யாரோடதோ போயிருக்குது."

இல்லத்துக்குத் திரும்பியதும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தன.

"பொட்டிய மாத்தி எடுத்துட்டியா?" என்றார் சிவசங்கர்.

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சிப் பாரு."

"யோசிச்சிக்கினுதான் இருக்கறேன் சார்."

யோசிக்க யோசிக்கக் காலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. நேற்றைய முகமும் முந்தாநாள் முகமும் கலந்தன. காசியம்மாளின் உள்ளங்கையில் எதையோ வைப்பதுபோல் ஒரு காட்சி வந்தது. அது நடந்ததா, இப்போது தோன்றுகிறதா என்று பிரிக்க முடியவில்லை. மறந்தவர்களுக்கு நடுவிலேயே நாளெல்லாம் இருப்பதால் தனக்கும் அது தொற்றிவிட்டதோ என்று வீட்டுக்கு நடக்கும் வழியில் முதல்முறையாகப் பயந்தாள். தன் நினைவை நம்புவதற்குத் தன் நினைவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இது எல்லோருக்கும் பொதுவான நிலைமை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, ஆயா ஒருத்தி சாகப் பார்க்கும்வரை.

மறுநாள் காலை எல்லோரையும் மறுபடி முதலிலிருந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு, போவதுபோல் போய்க் கதவருகே நின்று கவனித்தாள். கந்தசாமி பிரசாதம் வாங்கினார். கண்ணில் ஒற்றினார். வாய்க்குக் கொண்டுபோனார். தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பிறகு மூடிய கையோடு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கதவைத் திறந்து, கையில் இருந்ததை வெளித்திட்டில் வைத்தார்.

"கா… கா…"

செல்வி அருகே போய்ப் பார்த்தாள். திட்டில் பனியில் கரைந்த மாத்திரைகளின் வெள்ளைத் தடங்கள் இருந்தன. பழைய தடங்கள். காகங்கள் எதையும் எடுத்திருக்கவில்லை.

"அய்யா, இன்னா பண்றீங்க?"

"காக்காக்கு வைக்கிறேன்."

"நீங்க சாப்பிடலியா?"

கந்தசாமி அவளை விவரமில்லாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஊத்தறவன் மொதல்ல குடிச்சா ஆவுமா? எல்லாரும் குடிக்கட்டும். நானு கடேசி."

"பக்கத்துல குந்திக்கினு இருந்த ஆயாவுக்குக் குட்த்தீங்களா?"

"பசிக்குதுன்னு சொல்லிச்சே. பசிக்குதுன்றவங்கள எதிர்க்க வச்சிக்கினு நானு வாயில போட்டுக்குவனா?"

 செல்வி திட்டில் இருந்தவற்றைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மகளிடம் போனில் பேசியபோது தங்கமணி சிரித்துவிட்டாள். நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. "எங்கப்பாவா? ஆடிக் கூழு அவருதான் ஊத்துவாரு, எத்தினி வருசமோ. ஊரே குடிச்சி, பானைய வழிச்ச அப்புறந்தான் அவரு வாயில வைப்பாரு. பாதி வருசம் வழிச்சாலும் ஒண்ணும் இருக்காது. ஏன் கேக்கறீங்க?"

செல்வி அந்த வழக்கத்தில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். மீதிப் பாதி அவளைக் கேட்காமல் தானே வந்தது. வழக்கங்களை அப்படித் துண்டாக வெட்டி எடுக்க முடியாதுபோல. இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கூழ் ஊற்றுவதற்குத் தெரு வாரியாக ஒரு வரிசை இருந்தது. காசியம்மாள் போன்றவர்கள் பாத்திரத்தோடு தள்ளி நிற்க வேண்டியிருந்தது. கந்தசாமி நினைவோடு இருந்தபோது அவருக்குப் பக்கத்து நாற்காலியில் காசியம்மாள் உட்கார்ந்திருக்க மாட்டார். மறதி அந்த வரிசையை அழித்துவிட்டு, கொடுக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. அதற்காக மறதியைப் பாராட்ட முடியுமா என்று தெரியவில்லை. அது ஓர் உயிரை ஏறக்குறைய எடுத்துவிட்டது.

காசியம்மாளின் மகன் வெற்றிவேலிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றார் சிவசங்கர். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செல்வியே சொன்னாள், எதையும் விடாமல்.

வெற்றிவேல் கேட்டுக்கொண்டே இருந்தார். "மறந்துபோனவங்கள வச்சிக்கினு எங்களால முடியலன்னுதான் உங்ககிட்ட வுட்டோம். அந்தப் பெரியவர நான் திட்ட முடியாது. அவருக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

"அப்பறம் இன்னா?"

 கட்டிலில் இருந்து காசியம்மாள், "பசிக்குதே" என்றார். வெற்றிவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். "நாளைக்கு அனுப்பிடுவாங்களாம். உங்ககிட்டதான் கொண்டாந்து வுடணும். வேற எங்க போவேன்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

திரும்பும் வழியில் சிவசங்கர் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார்.

"பொடி பண்ணி இட்லில வச்சிடலாமா?"

"ஒரு மாத்திர மெதுவா கரையறது சார், ஒடைக்கவே கூடாது. மத்ததப் பொடி பண்ணாலும், இட்லியையே பக்கத்துத் தட்டுல வச்சிடுவாரு."

"அப்ப பொண்ணு வூட்டுக்கே அனுப்ப வேண்டியதுதான்."

"ஆத்துல எறங்கிடுவாரு சார்."

"இங்க வச்சிருந்தா யாரையாவது சாவடிச்சிடுவாரு. எது பரவால்லன்ற?" சிவசங்கர் கெட்டவர் இல்லை, களைத்திருந்தார். "சனிக்கெழம டாக்டரம்மா வரட்டும். அன்னிக்கு அவரு ஒழுங்கா முழுங்குனா இருக்கட்டும். இல்லன்னா தங்கமணிய வரச் சொல்லிடுவேன்."

சனிக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. அந்த ஒரு நாளும் கந்தசாமிக்கு அவள் எதையும் கொடுக்கவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டுத்தான் நிறுத்தினாள். மலை தெரியாத பனியில் அவருடைய நாற்காலிக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிரசாதம் என்றே சொல்லிக் கடைசியில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அது நிச்சயம். ஆனால் விழுங்கினாரா என்று பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் அது மாத்திரை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை என்று தெரிந்தால் சுண்டிவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் வழி அடைபட்டிருந்தது. கந்தசாமி திடீரென்று, "தண்ணி மொற நம்முளுதா இன்னிக்கு?" என்று கேட்டார். "தெரிலீங்க" என்றாள். அது உண்மை. அந்த உண்மைக்கு அவர் கோபப்படவில்லை. தலையாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை எப்போதும் முதலில் போகிற கந்தசாமியிடம் அவள் கடைசியில் போவதென்று வைத்துக்கொண்டாள். அவர் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்து, "அய்யா, எல்லாருக்கும் தண்ணி நீங்கதான் ஊத்தணும்" என்றாள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். தட்டை அவள் தன் பக்கமே வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கொடுத்தாள். அவர் ஊற்றினார். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து காட்டுவதையும் குனிந்து பார்த்தார். டாக்டர் எழில்மதியும் சிவசங்கரும் வாசலருகே நின்றிருந்தார்கள். காசியம்மாள் முதல் நாள் மாலைதான் திரும்பியிருந்தார். போர்வைக்குள் சுருண்டு, வெயில் விழும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் ஆச்சா?" என்றார் கந்தசாமி.

"ஆச்சிங்க. கடேசி நீங்கதான். குந்துங்க."

உட்கார்ந்து கையை நீட்டினார், வலது கைக்குக் கீழே இடது கை. "இன்னாது இது?"

அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் போதும், வாங்கிக்கொள்வார். சிவசங்கர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரைங்க."

"எனக்கா? எனக்கு இன்னா நோவு?"

"சக்கர நோவு. கொதிப்பும் இருக்குது. ரொம்ப வருசமா."

"யாரும் சொல்லலியே?"

"நான் சொல்றேன்."

அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்வது கடினம். அந்தக் கூடத்தில் நேரம் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. "கசக்குமா?" என்று கேட்டார்.

"கசக்கும்."

"பசிக்குதே" என்றார் காசியம்மாள்.

கந்தசாமியின் கை அவர் பக்கம் திரும்பியது. சிவசங்கர் ஓர் அடி முன்னால் வைத்தார். செல்வி தன் கையைக் குறுக்கே நீட்டினாள். அவர் கையைப் பிடிக்கவில்லை.

"இதக் குடுக்கக் கூடாதுங்க. ஆயா செத்துடும். இது உங்க ஒருத்தருக்குத்தான்."

"அது பசிக்குதுன்னு சொல்லுதே."

"அதுக்கு இட்லி வருது."

"வந்தப்புறம் பாக்கலாம்" என்று கையை மூடிக்கொண்டார்.

டாக்டர் எழில்மதியே சமையலறைக்குப் போய்த் தட்டை எடுத்துவந்து காசியம்மாள் மடியில் வைத்தார். கந்தசாமி பார்த்தார். காசியம்மாள் ஒரு விள்ளல் பிட்டார், சட்னியில் தொட்டார், மென்றார், விழுங்கினார். இரண்டாவது விள்ளலுக்குக் கை போனது. அதற்கப்புறம் கந்தசாமி கையைத் திறந்து மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டார். முகம் சுளித்தது. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

"ஆ காட்டுங்க" என்றாள் செல்வி.

மற்றவர்கள் செய்ததுபோலவே வாயை அகலத் திறந்தார். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. கன்னத்திலும் இல்லை.

டாக்டர் அவருடைய மாத்திரைகளில் தேவையில்லாதவற்றை அன்றே நிறுத்தினார். சர்க்கரைக்கு, அளவை ஒரேயடியாக இறக்காத வேறொன்றை எழுதினார். "இந்த வயசுல கொஞ்சம் ஜாஸ்தி இருந்தாப் பரவால்ல, கம்மியானாத்தான் ஆபத்து" என்றார். பிறகு செல்வியிடம், "தெனமும் இப்படி உண்மையச் சொல்லிக்கினு இருக்க முடியுமா? நாளைக்கு அவருக்கு இது ஞாபகம் இருக்காது" என்றார்.  அப்பாவை அழைத்துப்போகச் சொல்லித் தங்கமணிக்கு யாரும் போன் செய்யவில்லை.

மறுநாள் காலை எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டுக் கந்தசாமி உட்கார்ந்தார். கையில் வைத்ததைப் பார்த்து, "எனக்கு இன்னா நோவு?" என்றார். செல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.